தீபாவளி முடியட்டும்

அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் வெகுகாலம் சரவெடி பின்னியவள் ஜெயக்கொடி. அதனால்தான் கர்ப்பப்பை நோய் பற்றி ஆராய வந்த டாக்டர் ஹெப்சிபா அவளை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். "நாங்க சொன்னா பயப்படுவாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார். ஊர்ப் பெண்களைக் கேட்காமல் எதையும் செய்வதில்லை என்பது அந்த ஆராய்ச்சியின் ஏற்பாடு.

சர்ச்சுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், துணியில் தைத்த கர்ப்பப்பை ஒன்றைக் காட்டி ஜெயக்கொடி பாடம் எடுத்தாள். முதல் நாள் ஒரே சிரிப்பு.

"என்ன மதினி, தலகாணியக் கொண்டாந்திருக்கீக?" என்று கேட்டவள் வீரலட்சுமி, ஜெயக்கொடியோடு ஒரே அறையில் சரம் பின்னியவள். கூட்டம் கலைந்த பிறகு அவளே மெல்லப் பக்கத்தில் வந்தாள்.

"மாசத் தூரம் நின்னு மூணு வருசமாச்சு. இப்பத் திரும்பவும் துணியில படுது மதினி. சூடுதான? உச்சியில எண்ணெ வச்சிக்கிட்டிருக்கேன்."

"சூடில்லடி. டெஸ்ட் எடுத்துப் பாத்திரணும்."

"எடுப்போம், தீபாவளி முடியட்டும். சீசன்ல லீவு போட்டா என் எடத்துல வேற ஆள உக்கார வச்சிருவாக."

மற்ற பெண்களும் அதையே சொன்னார்கள். கல்யாணப் பேச்சானாலும் பல்வலியானாலும் அந்த ஊரில் எல்லாம் தீபாவளிக்குப் பிறகுதான். அப்போதுதான் ஆலை பூட்டிக் கிடக்கும். ஜெயக்கொடிக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆவணியில் நடக்க இருந்த பரிசோதனை முகாமை அவளே பேசித் தள்ளி வைத்தாள். வீரலட்சுமியை மட்டும் முன்னாலேயே கூட்டிப்போக வேண்டும் என்று ஒருநாள் நினைத்தாள். எல்லோரோடும் சேர்ந்து வரட்டுமே என்று விட்டுவிட்டாள்.

தீபாவளி முடிந்து முகாம் நடந்தது. வீரலட்சுமிக்குப் புற்று ஈரல் வரை ஏறியிருந்தது. பொங்கலுக்கு அவள் இல்லை.

அடுத்த கூட்டத்துக்குப் பாதிப் பேர்கூட வரவில்லை. துணிக் கர்ப்பப்பையைப் பார்த்து யாரும் சிரிக்கவுமில்லை.

"ஒண்ணு கேக்கேன், கோவிச்சிக்கிறாதீக" என்றாள் மாரிக்கனி. அவளும் சரம் பின்னுகிறவள்தான். "தீபாவளி வரைக்கும் நல்லாத்தான வேல பாத்தா? டெஸ்ட்டுன்னு கூட்டிட்டுப் போனீக, போய்ச் சேந்துட்டா."

"டெஸ்ட்டால இல்லடி. சீக்கு அவளுக்கு முன்னாடியே இருந்துச்சு."

"இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஆமாம் என்றால் அடுத்த கேள்வி என்னவென்று ஜெயக்கொடிக்குத் தெரியும். துணிக் கர்ப்பப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். வாசலில் செருப்பைத் தேடியபடி மாரிக்கனி திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கும் துணியில படத்தான் செய்யுது மதினி. நான் எண்ணெயே வச்சிக்கிர்றேன்."