கவுளி சத்தத்துக்குக் குடுத்த அச்சாரம்

என்ற ஊட்டுக்காரருக்கு அடுத்தவங்க ஊட்டுல தூக்கமே வராது. எங்கம்மா ஊடானாலும் சரி, சத்திரமானாலும் சரி, ராத்திரி பூராப் பொரண்டுபோட்டு விடியறதுக்குள்ள "கெளம்பலாமா அம்மணி"ன்னு வந்து நிப்பாரு. அதனால கண்ணாலமாகிப் பதினோரு வருசமா நாங்க எங்கியும் போய்த் தங்குனதில்லை.

எனக்கோ கடலைப் பாக்கோணும். வேற ஒண்ணுமே நான் கேக்கலைங்க. நகை கேட்டனா, பட்டு கேட்டனா? கண்ணாலமான புதுசுல "அடுத்த மாசமே கூட்டிட்டுப் போறேன்"னு இவராத்தான் சொன்னாரு. பொறகு பருத்தி எடுக்கோணும்னாரு, மாடு ஈனப் போகுதுன்னாரு, கடைசியில "அங்க போய் எங்க படுக்கறது?"ன்னு ஆரம்பிச்சுட்டாரு. ராமேசுவரம் போற ரயிலு எங்க கெணத்துக்கடவு வழியாத்தான் போகும். அது கூவறப்பெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இப்படி இருக்கறப்ப ஒரு நாளு மாட்டுத் தரகர் வந்தாரு. மாடு விக்க வரலை. எஸ்டேட்டுத் துரை ஒருத்தர் சீமைக்குப் போறப்ப வித்துட்டுப் போன வேனு ஒண்ணு ஆனைமலைப் பக்கம் ஒரு தோட்டத்துல நிக்குதாம். "உள்ளயே கட்டில் இருக்குதுங்க, அடுப்பு இருக்குதுங்க, கை கழுவப் பீங்கான் தொட்டி இருக்குதுங்க. சுழி சுத்தமான உருப்படிங்க. ஊட்டையே கூட்டிட்டுப் போற மாதிரிங்க"ன்னாரு.

கதவோரம் நின்னுட்டிருந்த நான் வாய் பொறுக்காம, "அப்படின்னா இந்த வருசம் நான் கடலைப் பாத்துருவேன்"னேன். சொல்லி வாய் மூடலை, செவுத்துல இருந்த கவுளி, பல்லிதானுங்க, ச்சு ச்சு ச்சுன்னு சொல்லுச்சு. இவரு ரெண்டு கையையும் எடுத்துக் கும்புட்டாரு. எங்க பக்கம் கவுளி சொல்லிட்டா அதுக்கு மேல அப்பீல் கெடையாதுங்க. ஒடனே வெத்தலை பாக்கு மேல நூறு ரூவாயை வெச்சு, தோட்டக்காரருகிட்டச் சேத்தச் சொல்லித் தரகரு கையில அச்சாரம் குடுத்துப்போட்டாரு.

"ஏனுங்க, பாத்துப்போட்டுக் குடுத்தா ஆகாதுங்களா?"

"கவுளியே சொல்லிப்போச்சு. அதுக்கு மேல நான் போய் என்னத்தைக் கண்டுபுடிக்கப் போறேன்?"

ஒரு காளை வாங்கறதுக்குப் பல்லைப் புடிச்சுப் பாத்து, வாலைத் தூக்கிப் பாத்து, அரை நாளு நடக்க உட்டுப் பாக்கற மனுசனுங்க இவரு. ஆனா எனக்கும் ஆசை கண்ணை மறைச்சுது. பொய் சொல்லக்கூடாது, கட்டுச்சோத்துக்கு அன்னிக்கே புளி ஊறப் போட்டுட்டேன்.

அடுத்து வந்த புதன்கெழமை பஸ் ஏறி ஆனைமலைக்குப் போனோம். ஒறம்பரை வந்தா மொதல்ல சோறு, அப்புறந்தான் பேச்சு. தோட்டக்காரரு சம்சாரம் எலை போட்டு, பருப்பும் வெல்லமும் வெச்ச ஒப்புட்டு மேல நெய்யை ஊத்து ஊத்துன்னு ஊத்துனாங்க. இவரு ஆறு தின்னாரு. அப்புறந்தான் தென்னந்தோப்புக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

வேனைப் பாத்ததும் எனக்கு அழுகையே வந்துருச்சு, அத்தனை அழகு! சன்னலுக்குப் பூப்போட்ட திரை, மூஞ்சி பாக்கக் கண்ணாடி, மடக்கி நிமித்தற மேசை. நான் உள்ள போய் அடுப்புக்கிட்ட நின்னு, எந்த எடத்துல மொளகாப்பொடி டப்பா வெக்கறதுன்னு ரோசிச்சுட்டிருந்தேன். இவரு முன்னால போய் மூடியைத் தூக்குனாரு. தூக்குன மூடியை எறக்கவே இல்லை. எறங்கிப் போய்ப் பாத்தா, எஞ்சின் இருக்கற எடத்துல ஒரு பெட்டைக்கோழி அடைக்கு உக்காந்துக்கிட்டு எங்களை மொறைக்குது.

"எஞ்சினுங்களா? அது கெணத்துல ஓடுதுங்களே! வாங்க காட்டறேன்"னு தோட்டக்காரரு சந்தோசமாக் கூட்டிட்டுப் போனாரு. கெணத்து மேட்டுல பெல்ட்டைப் போட்டுக் கடகடன்னு ஓடுது. தண்ணி தொடை மொத்தத்துக்குக் கொட்டுது. இவரு சண்டை போடுவாருன்னு பாத்தா, தண்ணியில கையை வெச்சு, "அருமையா எறைக்குதுங்க! எத்தனை ஏக்கரா பாயுதுங்க?"ன்னு கேக்கறாரு. எனக்குச் செவுத்துல போய் முட்டிக்கலாம்னு இருந்துச்சு.

"வேனுக்கு மாடு கட்டி இழுத்துக்கலாமுங்க, சக்கரமெல்லாம் புதுசு"ன்னாரு தோட்டக்காரரு, நல்ல மனசோட.

இவரை ஓரமா இழுத்து, "அச்சாரத்தைத் திருப்பிக் கேளுங்க"ன்னேன்.

"ஆறு ஒப்புட்டுத் தின்னிருக்கறேன். தின்ன கையை நீட்டி எப்படிக் கேக்கறது?"

"அப்ப இன்னொரு கையை நீட்டுங்க!"

"இரு, கொஞ்சம் ரோசிச்சுக்கறேன்"னு வேனுக்குள்ள ஏறிக் கட்டில்ல சாஞ்சாரு. அஞ்சு நிமிசத்துல கொறட்டை. அந்தக் கொறட்டையில கோழியே அடையை உட்டு எந்திரிச்சுப்போச்சு. தோட்டக்காரரு வெரலை வாயில வெச்சு எல்லாரையும் அடக்கிப்போட்டு, "ஒறம்பரை தூங்கறாருங்க"ன்னு ஓடிப் போய்க் கெணத்து எஞ்சினையே நிறுத்திப்போட்டாரு. மூணு மணி நேரம் தோட்டத்துக்குத் தண்ணி பாயலைங்க. நான் வேன் படியில உக்காந்து அந்தக் கொறட்டையைக் கேட்டுட்டே இருந்தேன். கேக்கக் கேக்க எனக்குக் கோவம் ஏறுது. பதினோரு வருசம்!

சாங்காலம் எந்திரிச்சு, காப்பி குடிச்சு, அச்சாரத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்காம, அவங்க குடுத்த ரெண்டு பலாப்பழத்தை வாங்கிக்கிட்டுக் கும்புட்டுக் கெளம்புனாரு. பொள்ளாச்சியில எறங்குனதும் பழத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, "அச்சாரம் போச்சு அம்மணி"ன்னாரு, பாவமா.

"போனாப் போகுதுங்க. அடுத்தவங்க தோட்டத்துல, அடுத்தவங்க கட்டில்ல, கோழிக்குப் பக்கத்துல படுத்து மூணு மணி நேரம் கொறட்டை உட்டீங்களே, அதுக்கென்ன சொல்றீங்க?"

இவரு பலாப்பழத்தை ஒருக்கா ஏத்திப் புடிச்சு அதையே பாத்தாரு.

"ரயிலு ஸ்டேஷன் அந்தப் பக்கந்தான் இருக்குது. நடங்க"ன்னேன். பலாப்பழத்தோடவே போய் ராமேசுவரத்துக்கு என்ன சார்ஜுன்னு கேட்டுட்டு வந்தோம்.

அடுத்த வாரம் நான் கடல்ல முழங்கால் தண்ணியில நின்னேன். வாய் உட்டு அழுதேன், ஆரு பாத்தா எனக்கென்ன? இவரு வேட்டியைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாரு. ஒரு கை அள்ளி வாயில வெச்சுத் துப்புனாரு. "இத்தனை தண்ணி! ஒரு ஏக்கராவுக்குப் பாச்ச முடியாதே அம்மணி"ன்னாரு, தாங்க முடியாத வருத்தத்துல.

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. அன்னிக்கு நான் கடலைப் பாப்பேன்னு சொல்லி முடிச்சப்பத்தான கவுளி சொல்லுச்சு? அது எனக்குச் சொன்னதுங்க. இந்த மனுசன் நடுவுல பூந்து நூறு ரூவாயைக் குடுத்துப்போட்டாரு.