புதுப் பெட்டியில் பழைய ஃபேன்

தங்கச்சியைச் சுனாமி கொண்டுபோனது. செட்டிபாளையத்து வீட்டோடு அவளுடைய படங்களும் போயின. அவள் முகம் இருந்த ஒரே பொருள், உன்னிச்சை ஊரில் பெரியம்மாவிடம் இருந்த, அவள் பெரியபிள்ளையானபோது எடுத்த சாமத்தியச் சடங்கு வீடியோ கசெட். எங்கள் பக்கத்தில் சடங்குக் கசெட் ஒன்று சொந்தக்காரர் வீடெல்லாம் சுற்றிவிட்டுத்தான் திரும்பி வரும். பெரியம்மா திருப்பித் தரவில்லை என்று அம்மா எத்தனையோ தரம் ஏசியிருக்கிறார். யுத்தச் சண்டைக்குள் இடம்பெயர்ந்தபோதும் பெரியம்மா அதைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

சண்டை முடிந்த வருடம் அது என் கைக்கு வந்தது. நாடா முழுவதும் பூஞ்சணம். வீடியோ கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பொறுப்பெடுக்க மாட்டேன் என்று கையை விரித்தார். "ஒருக்கா ஓடும் தம்பி. ரெண்டாந்தரம் ஓடாது. ஓடக்குள்ளயே கொம்பியூட்டர்ல ஏத்திப்போடுங்க."

பாகங்கள் வாங்கிக் கொம்பியூட்டர் பூட்டித் தந்தவன் என் கூட்டாளி. எங்கள் வீட்டுச் சோறு தின்று வளர்ந்தவன். தங்கச்சியைத் தேடிக் கடற்கரை முழுக்க என்னோடு நடந்தவன். நாவற்குடாவில் புதிதாகக் கடை போட்டிருந்தான். "புதுசா வந்த புரொசசர் மச்சான், விலையும் குறைவு. அதுக்கெண்டே செஞ்ச ஃபேனும் பெட்டிக்குள்ள வரும். சூடேறாது" என்றான். எதற்காக வாங்குகிறேன் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

வந்த நாள் முதல் இழுபறி. கசெட்டைப் பதியும் கார்டை அந்தப் புது மதர்போர்ட் ஏற்க மறுத்தது. ஒருவழியாக அதைச் சரிக்கட்டினால், கொஞ்ச நேரம் ஓடிவிட்டுக் கொம்பியூட்டர்ப் பெட்டி தானாக நின்றது. கரண்ட் ஏறி இறங்குது என்றான், ஸ்டெபிலைசர் வாங்கினேன். தகரக் கூரைச் சூடு என்றான், அறை மாற்றினேன். பிறகு வாவிக் காற்றில் உப்பு என்றான். யன்னலைச் சாத்திவிட்டு உள்ளே நான் அவிந்தேன். "மூடியைக் கழட்டிராத மச்சான், வாரண்டி போயிரும்" என்றும் சொல்லியிருந்தான். கழற்றவில்லை. அவன் சொல்லுக்கு எனக்கு மறுபேச்சு ஏது!

கடைசியில் அவனே வந்து, மூடியைத் திறந்து ஏதோ செய்தான். ஒரு பாட்டுக் கசெட்டைக் கொஞ்சம் ஓட்டிக் காட்டினான். "இனிப் பயமில்ல, போடு" என்றான்.

மறுநாள் காலை அம்மாவைக் கதிரையில் இருத்திவிட்டுக் கசெட்டை டெக்கில் போட்டேன். திரையில் பந்தல் வந்தது. மாமிமார் தட்டம் ஏந்தி வந்தார்கள். "இப்ப புள்ளையக் கூட்டி வருவாங்க" என்றார் அம்மா. திரை கறுத்தது. பெட்டி நின்றுவிட்டது, டெக் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பதறிப்போய் நிறுத்திப் பின்னுக்குச் சுற்றினேன். நாடா உள்ளே சிக்கி அறுந்தது. இழுத்து எடுத்தபோது அதன் கறுப்பு பொடியாக என் விரலில் ஒட்டியது.

அப்போதுதான் மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்தது எந்தக் காலத்து ஃபேனோ. புது போர்டின் துளைகளுக்கு அது பொருந்தவே இல்லை. ஒரு பக்கத்தைப் பிளாஸ்டிக் நாரால் இழுத்துக் கட்டியிருந்தான். மறுபக்கம் புரொசசரில் படாமல் தூக்கிக்கொண்டு நின்றது.

கடைக்குப் போனேன். அவன் நிமிரவில்லை.

"புது ஃபேனை வேறொரு கஸ்டமர்ட ஓடருக்குப் போட்டுட்டன் மச்சான். இதுக்குப் பழசே போதும் எண்டு நினைச்சன்."

"அது தங்கச்சிட கசெட்டுடா."

யாரோ ஒருவன் ஏமாற்றியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். இவனிடம் எனக்குக் கைகூட எழவில்லை. கடலோடு கோபித்து ஆவதொன்றுமில்லை என்று எப்போதோ விட்டுவிட்டேன். இவனை இன்றைக்கும் விட முடியவில்லை.

பதிவு துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டதால் முதல் துண்டு மட்டும் மிஞ்சியது. அம்மா அடிக்கடி அதைப் போடச் சொல்வார். அதில் தங்கச்சி இன்னும் அறைக்குள்தான் இருக்கிறாள். பந்தலுக்குள் சர்பத் தட்டோடு ஓடித் திரிகிறவன் அவன்தான், என் கூட்டாளி. கமராவைக் கண்டதும் நின்று, வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறான்.