மதினியின் ராக்கெட்

இரண்டாயிரத்து ஆறில், வைகாசி மாதம், எங்கள் விருதுநகர் வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். அதற்காக பீரோவை நகர்த்தியபோது மதினி, அதாவது என் அண்ணனின் மனைவி, அடித்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினார். உள்ளே ஒரு சின்ன பிளாப்பியும் மூன்று பெரிய பிளாப்பிகளும் இருந்தன. பெரியவை, கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி வளைகிற பழைய ரகம்.

“தம்பி, இதுல என்ன மிச்சம் இருக்குன்னு பாக்க முடியுமா? சும்மாதான். முடியலன்னா விட்ருங்க.”

நான் அப்போது சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலையில் இருந்தேன். பட்டாசுப் பெட்டிக்கு லேபிளும் காலண்டரும் அடிக்கிற கம்பெனி. காலையில் பஸ் ஏறி ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகப் போய் சாயங்காலம் திரும்புவேன். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பு எனக்கு நிறையவே உண்டு. கல்யாணத்துக்கு முன்பு மதினி சிவகாசியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது தெரியும். அதை டைப்ரைட்டிங் கிளாஸ் மாதிரி ஏதோ ஒன்று என்று வைத்திருந்தேன். பதினோரு வருஷத்தில் ஒருநாளும் அதைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை.

சின்ன பிளாப்பியை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டேன். ஒரே ஒரு கோப்பு இருந்தது. ஓடவிட்டேன். திரை கறுத்தது, என்னவோ மின்னியது, ஆட்டம் முடிந்தது என்று ஆங்கிலத்தில் வந்து நின்றது. கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துபோனது. மறுபடி ஓடவிட்டேன். அதேதான்.

பின்னால் நின்ற மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

“இது என்ன மதினி?”

“வெளையாட்டு தம்பி. ராக்கெட் வெளையாட்டு. நான் எழுதுனது.”

அப்புறம் அவரே விளக்கினார். ராக்கெட் திரையில் ஒவ்வொரு புள்ளியாக நகரும்போது, நடுநடுவே கம்ப்யூட்டரைச் சும்மா எண்ணச் சொல்லியிருந்தாராம். ஒன்றிலிருந்து மூவாயிரம் வரை எண்ணு, அப்புறம் அடுத்த புள்ளிக்குப் போ. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் அதை எண்ணி முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம்தான் ராக்கெட்டின் வேகம். புதுக் கம்ப்யூட்டர் மூவாயிரத்தை எண்ணியதே தெரியாமல் எண்ணிவிடுகிறது. ராக்கெட் கிளம்புவதும் விழுவதும் ஒன்றாகிவிடுகிறது.

வேகத்தைக் குறைக்கும் ஒரு சின்ன மென்பொருளைத் தேடிப் போட்டுப் பார்த்தேன். ராக்கெட் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் தண்ணீர் லாரி மேடு ஏறுகிற மாதிரி விக்கி விக்கிப் போனது. மதினி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

“இது அது இல்ல தம்பி. நான் எழுதுன புரோகிராமோட மூலம் அந்தப் பெரிய பிளாப்பியில இருக்கு. அதைப் படிக்கிற டிரைவ் இப்ப எங்கன இருக்கு?”

“பழைய மெஷின் ஒண்ணு சேத்துருவமா மதினி? எனக்கு ரெண்டு நாள் வேலை.”

ரெண்டு நாள் என்று சொன்ன என் வாயை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

காலண்டர் தாளைத் திருப்பி அதன் முதுகில் மதினி எழுதிக்கொடுத்தார். 386 மதர்போர்டு, நாற்பது மெகாஹெர்ட்ஸ். ராம் நாலு எம்.பி., அதற்கு மேல் வேண்டாம். பெரிய பிளாப்பி டிரைவ் ஒன்று, சின்னது ஒன்று. வட்ட முனை வைத்த கீபோர்டு. முகப்பில் டர்போ பொத்தானும் வேகத்தைக் காட்டும் சிவப்பு எண்களும் உள்ள பெட்டி. டர்போவை அழுத்தினால் நாற்பது, விட்டால் இருபது. “இருபதுல வச்சுத்தான் நான் வேகத்தைச் சரிபண்ணுனேன். அது இல்லாம வேற எதுவும் சரியா வராது” என்றார். ஹார்ட் டிஸ்க் நாற்பது எம்.பி. என்று எழுதியிருந்தார். பிறகு நான் நூற்றிருபது எம்.பி. ஒன்றைக் கொண்டுவந்தபோது கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, “கொஞ்சம் பெருசு. சரி, பரவால்ல” என்றார்.

பெரிய பிளாப்பி டிரைவ் எங்கள் அச்சகத்து ஸ்டோர் ரூமிலேயே கிடைத்தது. முதலாளியிடம் கேட்டதற்கு, இடம் காலியானால் சரி என்றார். டர்போ பெட்டிக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் பைக்கில் சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன். அதன் ஆபீஸில் பழைய பெட்டி ஒன்று கிடப்பதாக எங்களுக்கு லேபிள் ஆர்டர் தருகிறவர் சொல்லியிருந்தார். கேட்டில் வாட்ச்மேன் என் செல்போனையும் பைக் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டு, செருப்பையும் கழற்றச் சொன்னார். “கம்ப்யூட்டர் டப்பா எடுக்கவா வந்தீக? கரண்டு சாமான் எதையும் அந்தப் பக்கம் கொண்டுபோயிராதீக” என்று மருந்து அறைகள் இருந்த திசையைக் காட்டினார். ஆபீஸில் அந்தப் பெட்டியின் மேல் சாமி படம் வைத்துப் பூப் போட்டிருந்தார்கள். படத்தை நகர்த்த நல்ல நேரம் பார்த்தார்கள். நான் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன்.

மதர்போர்டு திருத்தங்கல் ரோட்டில் ஒரு பழைய இரும்புக் கடையில் அகப்பட்டது. அச்சகங்கள் ஒதுக்குவதெல்லாம் அந்தக் கடைக்குத்தான் வரும். கடைக்கார பாய் ஒரு கோணியை அவிழ்த்துக் கொட்டி, பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். நன்றாக இருந்த ஒன்றை எடுத்து வந்தேன்.

அடுத்த ஞாயிறு மதினி மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் மெஷினை எழுப்பி அசத்திவிடலாம் என்று எல்லாவற்றையும் மாட்டினேன். அந்தக் காலத்து மெஷின்களில் கரண்டு மதர்போர்டுக்கு இரண்டு தனித்தனி பிளக்குகளில் வரும். இரண்டும் ஒரே அச்சு. எந்தப் பக்கமும் பொருந்தும். சுவிட்சைப் போட்டதும் டப்பென்று ஒரு சத்தம். மூலையில் இருந்த ஒரு சிப்பிலிருந்து புகை நூலாக எழுந்தது. திரும்பினால், பையோடு மதினி வாசலில் நிற்கிறார்.

பையை இறக்கிவைத்துவிட்டு வந்து பிளக்குகளைப் பார்த்தார்.

“ரெண்டு பிளக்குலயும் ஓரத்துல கறுப்பு வயர் இருக்கு பாத்தீகளா? கறுப்பும் கறுப்பும் நடுவுல சேந்து உக்காரணும். மாறுனா போச்சு.”

“எனக்குத் தெரியல மதினி.”

“நீங்க இந்த வேலைக்கு வரும்போது ஒரே பிளக்கா மாறிப்போச்சு. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றார். “அடுத்த ஞாயித்துக்கெழம நானும் வாரேன்.”

வந்தார். இரும்புக் கடையில் முக்காலி கேட்டு வாங்கிப் போட்டு உட்கார்ந்து, கோணியிலிருந்து ஒவ்வொரு மதர்போர்டாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இது 486, இதில் ராம் துளை உடைந்திருக்கிறது, இதில் கடிகார சிப்பையே பிடுங்கிவிட்டார்கள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே ஒதுக்கினார். ஒரு மணி நேரம் கழித்து, நான் போன தடவை அழுக்கு என்று தூக்கிப் போட்ட ஒன்றைக் கையில் எடுத்தார். அதிலிருந்த பேட்டரி கசிந்து, சுற்றிலும் பச்சையாகப் பூத்திருந்தது.

“இதான். சென்டர்ல இருந்தது இதே ரகம்.”

பாய் எட்டிப் பார்த்தார். “அது செத்ததும்மா. வேற பாருங்க.”

“சாகல பாய். சீக்கு.”

பாய் என்னிடம் திரும்பி, “இவுக எந்தக் கம்பெனி எஞ்சினியர்?” என்று கேட்டார். மதினிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

வீட்டில் அந்த பேட்டரியை வெட்டி எடுத்தார். எலுமிச்சம் சாற்றை பழைய பல் பிரஷ்ஷில் தொட்டுத் தொட்டுப் பச்சையைத் தேய்த்தார். தண்ணீரில் அலசி மாடியில் காயவைத்தார். எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்தபின் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் இரண்டு செம்புக் கோடுகள் அரித்துப்போயிருந்தன. டெலிபோன் வயரைப் பிரித்து முடி போன்ற ஒரு இழையை எடுத்து, அரித்த இடத்தில் வைத்து ஈயம் பற்றவைத்தார். பதினோரு வருஷமாக சால்டரிங் கம்பியைத் தொடாத கை. துளி நடுக்கம் இல்லை. நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வேலையில் எத்தனையோ எஞ்சினியர்களைப் பார்த்திருக்கிறேன், கெட்டுப்போனால் பலகையை மாற்று என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம்.

கறுப்பும் கறுப்பும் சேர்த்து மாட்டி, சுவிட்சைப் போட்டார். ஒரு பீப் சத்தம். திரையில் ராம் எண்ணத் தொடங்கியது. நாலு எம்.பி.யையும் எண்ணி முடித்தது. பெட்டியின் முகப்பில் சிவப்பாக நாற்பது தெரிந்தது. மதினி பொத்தானை அழுத்தி விட்டார். இருபது.

சின்ன பிளாப்பியைப் போட்டதும் ஆட்டம் ஓடியது. கறுப்பு வானம், கீழே வைக்கோல் படப்புகள், கூரை வீடுகள். ராக்கெட் நிதானமாக, அழகாக எழும்பியது. மேலே ஒரு அம்பு காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும். படப்பிலோ கூரையிலோ விழாமல் ராக்கெட்டை ஓட்டி இறக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். நான் மூன்றாவது சுற்றைத் தாண்டவில்லை. அதற்குள் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

“மதினி, காத்து வலது பக்கம் அடிக்குது, ராக்கெட்டு இடது பக்கம் சாயுது. எங்கயோ கூட்டல் கழித்தல் மாறியிருக்கு.”

“மாறல தம்பி. அது அப்பிடித்தான்.”

அந்த நேரம் அண்ணன் கடையிலிருந்து சாப்பிட வந்தார். பருப்புக் கமிஷன் கடை வைத்திருப்பவர், வீட்டில் அதிகம் பேசமாட்டார். ஒரு மாதமாக மாடியில் நடந்த இந்தக் கூத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. திரையை எட்டிப் பார்த்தார்.

“என்னலே இது?”

“மதினி எழுதுன வெளையாட்டுண்ணே.”

அண்ணன் மதினியைப் பார்த்தார். “இதை நீயா செஞ்ச?”

“ஆமா.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

“நீங்க கேக்கவே இல்லையே” என்றார் மதினி. கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அண்ணன் உட்கார்ந்து ஒரு ராக்கெட்டை ஓட்டிப் பார்த்தார். பிறகு அவரும் திரையைக் காட்டி, காற்றடிக்கிற பக்கம்தானே ராக்கெட் போகும் என்றார்.

“சரி, வாங்க” என்று மதினி எழுந்தார்.

அவருடைய அப்பா பட்டாசு ராக்கெட் செய்கிற கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். சாயங்காலம் சாம்பிள் விட்டுப் பார்க்கும்போது சின்ன வயதில் இவரும் கூட நின்றிருக்கிறார். அப்பா வீட்டிலிருந்து வந்த ராக்கெட் கட்டு ஒன்று பரணில் இருந்தது. மூன்று பேரும் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலிப் பொட்டலுக்குப் போனோம். ஆடி பிறந்துவிட்டது, மேற்கேயிருந்து காற்று வேட்டியை உருவுகிற மாதிரி அடித்தது. சுற்றிலும் கூரை எதுவும் இல்லையென்று பார்த்துவிட்டு, மதினி ஒரு காலி பாட்டிலை மண்ணில் பாதி புதைத்து ராக்கெட்டை நிறுத்திப் பற்றவைத்தார்.

கிளம்பிய ராக்கெட், காற்று தள்ளும் கிழக்கே போகவில்லை. தலையைத் திருப்பி மேற்கே, காற்றுக்கு எதிராக ஏறியது. மருந்து தீர்ந்த பிறகுதான் வெறும் குச்சி காற்றில் மிதந்து எங்கள் தலைக்கு மேலாகக் கிழக்கே வந்து விழுந்தது.

“நீளமான குச்சியைக் காத்து தள்ளுது. வால் அங்கிட்டு போனா தலை இங்கிட்டுத்தான திரும்பும்? மருந்து எரியிற வரைக்கும் தலை காட்டுற பக்கம்தான் போகும். அதுக்கப்புறம் காத்து போற பக்கம்” என்றார் மதினி.

“ஏயப்பா” என்றார் அண்ணன். இன்னொன்று விடச் சொன்னார். அப்புறம் இன்னொன்று. கடைக்குத் திரும்பிப் போக அன்றைக்கு நாலு மணி ஆகிவிட்டது.

ஒன்பது சுற்று முடிந்தால் ஆட்டம் அப்படியே நின்றுவிடும். பத்தாவதை எழுதுவதற்குள் கல்யாணம் நிச்சயமாகி மதினி சென்டரை விட்டுவிட்டார். பெரிய பிளாப்பிகளை முதலில் டிரைவ் படிக்க மறுத்தது. மதினி பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து டிரைவின் படிக்கும் தலையைத் துடைத்தார். ஈரம் இல்லாத எங்கள் பக்கத்துக் காற்றில் பிளாப்பிகளில் பூஞ்சை பிடித்திருக்கவில்லை. மூன்றில் இரண்டு முழுசாக வந்தன, மூன்றாவதில் பாதி வந்தது. போன பாதியை யோசித்து யோசித்து மறுபடி எழுதினார். பத்தாவது சுற்றில் காற்று நடுவழியில் திசை மாறும். மதிய வேளைகளில் மூன்று வாரம் உட்கார்ந்து அதை முடித்தார். முடித்த அன்று, முதல் திரையில் சென்டர் முதலாளியின் பெயர் இருந்த இடத்தில் தன் பெயரைப் போட்டார். அண்ணன் அந்தத் திரையை மட்டும் நாலு தடவை போட்டுக் காட்டச் சொன்னார்.

எந்த ஜம்பர் எங்கே, எந்த வயர் எதில் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் படம் போட்டு வைத்திருந்தார். இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் பவர் சப்ளை போய்விட்டது. சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்று அச்சகத்திலிருந்து போனில் சொன்னேன். திருத்தங்கல் இரும்புக் கடையில் ஒன்று சொல்லிவைத்து, பஸ் இறங்கி வாங்கிக்கொண்டு வந்தால் மாடியில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. பழையதைப் பிரித்து, உள்ளே உப்பிப்போயிருந்த கெப்பாசிட்டரை அவரே மாற்றியிருந்தார்.

“வந்துட்டீகளா தம்பி? கை கழுவிட்டு உக்காருங்க, தோசை ஊத்துறேன்” என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இந்த ஒரு ராக்கெட்டை மட்டும் எறக்கிட்டு வந்துர்றேன்.”