பேசாதவன் போகும் பாதை

ஒரே கதைக்கு ஏழு முடிவு எழுதிவிட்டு, படிப்பவர் ஒன்றோடு மூடிவைத்துவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் எங்கள் தொழில்.

விஷுவல் நாவல் என்று பெயர்; பாதி கதை, பாதி விளையாட்டு. ஜப்பான்காரர்கள் வளர்த்தது. கம்ப்யூட்டர் திரையில் படம், படத்துக்குக் கீழே ஒரு பெட்டி, பெட்டிக்குள் கதை. தட்டத் தட்ட நகரும். நடுவில் நின்று, 'இப்போது என்ன சொல்கிறாய்?' என்று கேட்கும். நீங்கள் எடுக்கும் பதிலுக்கு ஏற்பக் கதை பிரியும். எங்களுடையது அமெரிக்காவில், சான் ரமோனில் ஒரு சின்னக் கம்பெனி. எழுதுபவர் மொரிதா, என் வயதுக்காரர். அவருடைய ஜப்பானியத்தை ஆங்கிலமாக்குபவன் நான். ஒசாகாவில் பம்பு கம்பெனியில் இருந்தபோது கற்ற பாஷை, ரிட்டயரான பிறகு உதவுகிறது. எழுதிப் பிழைக்கும் சக பாவிகளே, சிரிக்காமல் கேளுங்கள்.

மழை

பெட்டிக்குள் மூன்று வரிதான் பிடிக்கும். மொரிதா ஓர் இடத்தில் 'மழை' என்று மட்டும் எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் மொட்டையாக இருக்கிறதே என்று நான் காற்று, ஜன்னல், மண்வாசனை எல்லாம் சேர்த்தேன். நாலாவது வரி பெட்டிக்கு வெளியே தொங்கியது. மொரிதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு படித்தார்.

"பெய்தது அந்த ஊரில். நீங்கள் ஏன் நனைகிறீர்கள்?"

செத்த மாமனார்

கதை பிரிகிற இடத்திலெல்லாம் யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைக்க வேண்டும். மறந்தால் போச்சு.

முன்பு ஒரு கதையில், ஒரு பாதையில் நாயகனின் மாமனார் செத்தார். எரித்தாயிற்று. ஊரே அழுது முடித்தது. சொல்லிவைக்க நாங்கள் மறந்துவிட்டோம். மறுநாள் காலை மனுஷன் பளிச்சென்று சவரம் செய்துகொண்டு வந்து, சூப்பில் உப்புக் குறைவு என்றார். எங்களுக்காக விளையாடிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிக்கிற கார்த்திக், டெக்சாஸ் பக்கம் ரவுண்ட் ராக்கிலிருந்து போன் பண்ணினான்.

"அங்கிள், இது தப்பா, இல்ல ட்விஸ்டா? ட்விஸ்ட்னா செம!"

மூன்றாவது பதில்

மொரிதா ஜப்பானில் காலமெல்லாம் அடுத்தவர் கேட்ட கதையை எழுதியவர். பள்ளிக்கூடக் காதலா, பேயா, திங்கட்கிழமைக்குள் கிடைக்கும். பெயர் கடைசியில் பொடி எழுத்தில் ஓடும். இப்போது நாங்கள் செய்கிற இந்தக் கதை ஒன்றுதான் அவராக எழுதியது. கடலோரத்தில் நூடுல்ஸ் கடை நடத்துகிற ஹருகோ. வேலை வேலை என்று ஊர்சுற்றிவிட்டு வயதான பிறகு திரும்பி வருகிற கணவன். விளையாடுபவர்தான் அந்தக் கணவன். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று பதில்: மன்னிப்புக் கேள், வாதாடு, பேசாமல் இரு. ஒருமுறைகூட விடாமல் மூன்றாவதையே எடுத்தால், கடைசியில் ஹருகோ தானாகப் பேசுவாள்.

ஆனால் யார் எடுக்கிறார்கள்? விளையாடிப் பார்த்தவர்களில் ஒருவர்கூட அங்கே போய்ச் சேரவில்லை. பேசாமல் இருந்தால் தோற்றுப்போன மாதிரி இருக்கிறதாம், கார்த்திக் சொன்னான். முதலாளி ப்ரியா நியூ ஜெர்சியில் பிறந்த பெண். நல்ல பெண்தான். "யாரும் பார்க்காத ரூட்டுக்கு வாய்ஸ், ஆர்ட் எல்லாம் எதுக்கு அங்கிள்? கட் பண்ணிடலாம்" என்றாள். நான் முறைத்தேன். சரி, வெள்ளிக்கிழமைக்குள் யாராவது ஒருவர், நாங்கள் வாயைத் திறக்காமல், தானாக அங்கே போகட்டும், அப்போது பார்க்கலாம் என்றாள். மொரிதாவிடம் சொன்னேன். தேநீரைக் கீழே வைத்தார்.

"அந்தப் பாதைக்காகத்தான் கதையையே எழுதினேன். மற்ற ஆறும் அங்கே போகாதவர்களுக்கு."

வீட்டிலேயே ஒரு ஆள்

வெள்ளிக்கிழமை வந்தது. யாரும் போகவில்லை. சேதியை நேரில் சொல்ல ப்ரியா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். மொரிதாவும் இருந்தார். என் மனைவி கமலா அடை வார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எங்கள் கதை எதையும் தொட்டதில்லை. "ஆன்ட்டி, கடைசியா நீங்க ஒரு தடவை ட்ரை பண்ணுங்களேன்" என்று லேப்டாப்பை நீட்டினாள் ப்ரியா.

"எனக்கென்னம்மா தெரியும்? புருஷன் கேரக்டர்தானே? இவர் என்ன பண்ணுவாரோ அதையே தட்டறேன்" என்றாள் கமலா. முதல் கேள்வி. மூன்றாவது பதில். அடுத்தது. மூன்றாவது. "பாருங்க, அச்சு அசல் இவரேதான்!" என்று ஒவ்வொரு தட்டலுக்கும் சிரிப்பு. ப்ரியாவும் சிரித்தாள். நானும் மொரிதாவும் தட்டைப் பார்த்தபடி அடையைப் பிட்டுக்கொண்டிருந்தோம்.

ஹருகோ பேச ஆரம்பித்தாள். கமலாவின் சிரிப்பு நின்றது. அடுப்பில் அடை தீய்ந்தது. யாரும் எழவில்லை. கடைசிவரை தட்டித் தட்டிப் படித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, ப்ரியாவிடம் சொன்னாள்.

"இந்தக் கதைப் புருஷனும் இவரை மாதிரிதான், வாயே திறக்கல. ஆனா அவ பேசி முடிக்கிற வரைக்கும் எழுந்து போகாம உக்காந்திருக்கான் பாரு. இதைப் போயா வெட்டப் போற?"

பாதை தப்பித்தது, அன்றிலிருந்து சாப்பிட்டு முடித்ததும் மேசையை விட்டு எழுந்திருக்க எனக்குத்தான் பாதை இல்லை.