எஃப் என்று வைத்த பெயர்

மலைமேல் பைல் நாடு என்னும் ஊர்த்தொகுதியில், பானுமதியின் ஊரில் மழை பெய்தால் இணையம் போய்விடும், காற்றடித்தால் மின்சாரம் போய்விடும். சேலத்து நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே நிரல் எழுதிக்கொடுத்து வந்தாள் அவள். கம்ப்யூட்டர் அணைந்துபோகும் பொழுதுகளில் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவால் எழுதுவாள். அப்படி எழுதும்போது நீளமான பெயர்கள் இடைஞ்சல். அதனால் நிரலின் சிறு துண்டுகளாக அவள் எழுதிய சார்புகளுக்கெல்லாம் ஓரெழுத்து, ஈரெழுத்துப் பெயர்கள்தான்.

அது மட்டுமே காரணமில்லை. ராசிபுரத்தில் கணிதம் படித்தவள். ஒன்றை வாங்கி இன்னொன்றைத் திருப்பித் தரும் சின்னச் சின்னச் சார்புகளைக் கோத்தே முழு நிரலையும் கட்டும் ஃபங்ஷனல் முறை அவளுக்கு உயிர். மற்றவர்கள் பத்து வரியில் இழுப்பதை ஒரே வரியில் முடித்துவிடுவாள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. நிறுவனத்தில் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் பொதுச் சார்புகள் நாற்பத்தொன்றும் அவள் எழுதியவை.

அவற்றில் ஒன்றின் பெயர் எஃப். ஃபில்டர், அதாவது வடிகட்டி என்பதன் சுருக்கம். ஊரைவிட்டுப் போன குடும்பங்களை ஒரு பட்டியலிலிருந்து நீக்குவதற்காக முதலில் எழுதியது.

அந்த நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த வனிதா என்ற பெண், மூன்றாவது வாரம் போனில் இதைப் பற்றித்தான் கேட்டாள். "அக்கா, இந்த எஃப் சொன்ன ஆளுங்கள வெச்சுக்குதுங்களா, தள்ளி உடுதுங்களா? பேரப் பாத்தாத் தெரியலைங்க." 'பொருந்துவோரை நீக்கு' என்பதுபோல் முழுசாகப் பெயர் வைத்தால் தன்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும் என்றும் சொன்னாள்.

"ஃபில்டர்னா யாருக்குந் தெரியும் கண்ணு. சந்தேகமா இருந்தா உள்ள தொறந்து பாத்துக்கோ" என்றாள் பானுமதி. அவ்வளவு நீளப் பெயரை வைத்தால் வரியின் அழகே கெட்டுவிடும் என்று அவளுக்கு இருந்தது.

ஆறு மாதம் கழித்து ஒரு தொண்டு நிறுவனத்தின் வேலை வந்தது. மலையில் பிரசவ மாதம் நெருங்கிய பெண்களில் ரத்த அழுத்தம் போன்ற ஆபத்து உள்ளவர்களுக்குப் போன் போக வேண்டும். கீழே ஆஸ்பத்திரிக்கு வந்து தங்கச் சொல்லும் பதிவுக் குரல் அது. வனிதா எழுதினாள். பட்டியலை எஃப்பிடம் கொடுத்து, ஆபத்து உள்ளவர்கள் என்று நிபந்தனை போட்டாள். வைத்துக்கொள்ளும் என்று நினைத்தாள். எஃப் அவர்களை நீக்கிவிட்டு மற்றவர்களைத் திருப்பித் தந்தது.

சரிபார்க்க வேண்டியவள் பானுமதி. ஒரே வரி. படித்தாள், சரி என்று அனுப்பினாள். தான் வைத்த பெயர் எந்தப் பக்கம் வேலை செய்யும் என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

போன்கள் போயின. ஆபத்தில்லாத சில பெண்கள் மூட்டை கட்டிக்கொண்டு மலையிறங்கி வந்தார்கள். நல்லதுதானே என்று யாரும் விசாரிக்கவில்லை. திண்ணனூர் நாட்டில் ரத்த அழுத்தம் இருந்த ராதிகா என்ற பெண், போன் வரும், வந்ததும் கிளம்பு என்று நர்ஸ் சொன்னதை நம்பி வீட்டிலேயே இருந்தாள். போன்கள் போன பதினோராம் நாள் காலையில் அவளுக்கு வலிப்பு வந்தது. ஜீப் மலைப்பாதையில் பாதி வளைவுகள் இறங்குவதற்குள் வயிற்றில் குழந்தை இறந்துவிட்டது. அவள் பிழைத்தாள்.

எந்த வரியில் பிழை என்று தேடியதில் வனிதாவின் பெயர் வந்தது. மேலாளர் ஆல்பர்ட் அன்றே அவளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். செய்தி தெரிந்ததும் பானுமதி எஃப்பைத் திறந்து பார்த்தாள். உள்ளே இரண்டே வரிகள். பொருந்துவோரை நீக்கு என்பதுதான் அவற்றின் அர்த்தம்.

மறுநாள் ஆல்பர்ட்டிடம், பெயர் வைத்ததும் தான், சரி என்று அனுப்பியதும் தான் என்று சொன்னாள். பெயர் சின்னதாக இருப்பது ஒரு பிழையா என்று அவர் கேட்டார். வனிதாவின் பிழை என்று அறிக்கை போய்விட்டது, விட்டுவிடச் சொன்னார். பானுமதி விடவில்லை. தொண்டு நிறுவனத்துக்கே நடந்ததை எழுதினாள். பிறகு ஆல்பர்ட் வனிதாவைத் திரும்பக் கூப்பிட்டார். அவள் வரவில்லை. "தப்பு ஆரோடதுன்னு நீங்க சொல்லிட்டீங்க அக்கா, சரிதான். ஆனா எனக்கு இப்ப எந்த வரியப் பாத்தாலும் கை ஓட மாட்டேங்குது" என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டாள்.

நாற்பத்தொரு சார்புகளுக்கும் பெயர் மாற்றினாள் பானுமதி. ஒன்பது நாள் ஆயிற்று. முடித்தபோது மனம் லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தாள். ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் திண்ணனூர் நாட்டுக்குப் போனாள்.

ராதிகாவின் புருஷன் சின்னராசு மிளகுக்கொடி கட்டிக்கொண்டிருந்தவன் இறங்கி வந்தான். பானுமதி தான் யார், எதற்கு வந்திருக்கிறாள் என்பதைச் சொல்லி, நடந்ததை அவனுக்குத் தெரிந்த வார்த்தைகளில் விளக்கினாள். அவன் முழுவதையும் கேட்டான்.

"ரண்டு எழுத்து கூடப் போட்டா என்னங்க கெட்டுப் போயிருக்கும்?"

"ஒண்ணும் கெட்டுப் போயிருக்காதுங்க."

ராதிகா கதவோரம் நின்றிருந்தாள். "அந்தப் பட்டியல்ல என் பேரு இருந்துச்சுங்களா?" என்றாள்.

"இருந்துச்சும்மா. ஊரு பேரோட, முழுசா இருந்துச்சு. நான் எழுதுனதுதான் எடுத்துருச்சு."

ராதிகா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று இருந்தது பானுமதிக்கு. பாதை வழுக்குகிறது என்று ரோடு வரைக்கும் சின்னராசு கூடவே நடந்து வந்தான். பஸ் வந்ததும் அவன் கையைக் காட்டி நிறுத்தினான். "ஏறிக்கோங்க" என்றான்.