சாம்பமேட்டில் உலகம் அழிந்தபோது

உமிச் சாம்பலுக்கு ஒரு ருசி உண்டு. லேசான உப்புக் கரிப்பும், தொண்டையில் ஒட்டிக்கொண்டு எத்தனை செம்பு தண்ணீர் குடித்தாலும் இறங்க மறுக்கும் ஒரு வறட்சியும் சேர்ந்த ருசி அது. புதுவயலில் அரிசி மில்லுக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் அதைச் சோற்றோடு சேர்த்துத் தின்றுதான் வளர்ந்தோம். குடிதண்ணீர்க் குடத்தின் வாயை அம்மா வெள்ளைத் துணியால் கட்டி வைப்பாள். சாயங்காலம் அவிழ்த்தால் துணி கறுத்திருக்கும், தண்ணீரின் மேலும் மெல்லிசாக ஓர் ஆடை படிந்திருக்கும். கொடியில் காயப் போட்ட பள்ளிக்கூடச் சட்டை வெள்ளையாகவே வீட்டுக்குள் திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை.

நெல் அவிப்பதற்கான ‘பாய்லரில்’ உமியைத்தான் போட்டு எரிப்பார்கள். எரிந்து மிஞ்சியதை மில்லுக்குப் பின்புறம் கண்மாய்க் கரையில் கொட்டிக் கொட்டி, அங்கே பனைமரத்தில் பாதி உயரத்துக்கு ஒரு மேடு எழும்பி நின்றது. அதற்குச் ‘சாம்பமேடு’ என்று பெயர். “மேலாக்க ஆறிப்போன மாதிரிதேன் இருக்கும், உள்ள கங்கு கெடக்கும். அங்குட்டுப் போனீகன்னா காலு வெந்துரும்” என்று பெரியவர்கள் சொல்லாத நாளில்லை. நாங்கள் போகாத நாளுமில்லை.

அப்பாவுக்கு அந்தப் பாய்லரில் உமி தள்ளுகிற வேலை. அம்மா அதே மில்லின் களத்தில், அவித்த நெல்லைக் காலால் துழாவிக் காயவிடுகிறவள். அப்பா வீட்டுக்கு வருவதை அவருடைய இருமலை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம். முதலில் சின்னதாக இரண்டு, அப்புறம் அடிவயிற்றிலிருந்து இழுத்துக்கொண்டு வரும் ஒரு பெரிய இருமல், கடைசியில் ஒரு செருமல். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா வட்டிலைக் கழுவி வைப்பாள். காரைக்குடி டாக்டர் ஒருவர், “மில்ல விட்டாத்தான் இருமல் விடும்” என்று சொல்லிப் பார்த்தார். மில்லை விட்டால் சோறும் விட்டுப்போகும் என்பதால் அப்பா அந்த டாக்டரை விட்டுவிட்டார்.

ஒரு கோடை விடுமுறையில்தான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். சினிமாக்காரர்கள் என்றதும் நாங்கள் கார்களையும் கதாநாயகியையும் எதிர்பார்த்து ஓடினோம். வந்திருந்ததோ ஒரே ஒரு வேன், அதிலிருந்து தாடி வைத்த டைரக்டர் ஒருவரும், கேமராப் பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்த ஒருவரும், பசியோடு இருந்த ஏழெட்டுப் பேரும் இறங்கினார்கள். மெட்ராஸிலிருந்து செட்டிநாட்டுக்கு வருகிற படக்காரர்கள் பெரிய பெரிய வீடுகளைத் தேடிப் போவதுதான் வழக்கம். இவர்கள் எங்கள் சாம்பமேட்டைத் தேடி வந்திருந்தார்கள். டைரக்டர் அதன் உச்சியில் ஏறி நின்று நாலா பக்கமும் பார்த்துவிட்டு, “இதுதான், இதுதான்” என்று கண்கலங்கினார். சாம்பல் விழுந்திருக்கும் என்றார்கள் எங்கள் தெருப் பெண்கள்.

“என்னா படம் சார் எடுக்குறீக?” என்று களத்தில் இருந்த அஞ்சலை அக்கா கேட்டாள்.

“உலகம் அழிஞ்ச பிறகு நடக்கிற கதைம்மா.”

“அழிஞ்ச பெறகு என்னாத்த நடக்கும்?”

அதற்குப் பதில் படத்திலும் இல்லை என்பது பின்னால் தெரிந்தது.

படத்தின் பெயர் ‘மிச்சம் ஏழு பேர்’. வானத்திலிருந்து நெருப்பு விழுந்து ஊரெல்லாம் சாம்பலாகிவிட, தப்பிப் பிழைத்தவர்கள் ஒரு டிரம் தண்ணீருக்காக அடித்துக்கொள்வதுதான் கதை. கதாநாயகனுக்கு லாரி டயரை வெட்டி நெஞ்சில் கட்டியிருந்தார்கள். வில்லனுக்கு வெல்டிங் பட்டறைக் கண்ணாடியும் தார்ப்பாய் அங்கியும். மற்ற ஜனங்களுக்கு உடுப்பு வாங்கப் பணமில்லை. அதைப் பற்றி டைரக்டர் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மில்லில் வேலை முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். தலையில் சாக்கு, முகத்தில் கண்ணை மட்டும் விட்டுச் சுற்றிய துண்டு, உச்சி முதல் பாதம் வரை சாம்பல். டைரக்டர் ஓடிப்போய், “அண்ணே, அப்படியே நில்லுங்க, ஒண்ணும் மாத்த வேணாம்” என்று கையெடுத்துக் கும்பிட்டார். எங்கள் ஆட்களை அதற்கு முன்பும் பின்பும் யாரும் அப்படிக் கும்பிட்டதில்லை.

அப்பாவுக்குத் தண்ணீர் டிரம்மைக் காவல் காக்கிறவர் வேடம். கதாநாயகன் தள்ளாடி வரும்போது ஒரு தகரக் குவளையில் மொண்டு கொடுத்து, “தண்ணி இருக்கு, குடிக்கத்தான் ஆளில்லை” என்று சொல்ல வேண்டும். அப்பா சொன்னார். சொல்லி முடித்ததும் இருமல் வந்துவிட்டது. அடக்கிப் பார்த்து, முடியாமல், டிரம்மைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமித் தீர்த்துவிட்டு, “மன்னிச்சுக்கங்க சார், இன்னொருக்கச் சொல்றேன்” என்றார். கேமராவை நிறுத்தாமலே இருந்த டைரக்டர், வேண்டாம், இதுவே போதும் என்று சொல்லிவிட்டார். வேண்டாம் என்றது ஃபிலிம் தீர்ந்துவிடும் என்பதற்காகத்தான் என்று கேமராக்காரர் அப்புறம் சொன்னார்.

காரைக்குடியில் ஒரு தியேட்டரில் படம் வந்தபோது தெருவே கிளம்பிப் போனது. அப்பா திரையில் வந்ததும் எல்லோரும் கத்தினோம். ஆனால் அவர் வாயைத் திறந்தால் வேறு யாருடைய குரலோ வந்தது. நன்றாகச் சாப்பிட்டு வெற்றிலை போட்டவரின் கனத்த குரல். “யாரு இது? இவுக எப்ப இப்புடிப் பேசுனாக?” என்று அம்மா கோபித்துக்கொண்டாள். மெட்ராஸில் டப்பிங் பேசியவருக்கு வசனம் வந்திருக்கிறது, அந்த இருமல் மட்டும் வரவில்லை போலிருக்கிறது; படப்பிடிப்பில் பதிந்ததையே அந்த இடத்தில் ஒட்டிவிட்டார்கள். அப்பா குனிந்தார், பின்னாலிருந்து மில் இன்ஜினின் தடதடப்பு எழும்ப, அதற்குள்ளிருந்து சின்னதாக இரண்டு, பெரியதாக ஒன்று, ஒரு செருமல். “இது அவுகதேன்” என்று அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

படத்தைப் பற்றி எங்கள் தெருவின் அபிப்பிராயங்கள் இடைவேளையிலேயே வந்துவிட்டன. “தெனம் கூட்டித் தள்ளுற சாம்பலத் துட்டுக் குடுத்து வந்து பாக்கணுமாக்கும்” என்றாள் அஞ்சலை அக்கா. மில் மேனேஜருக்கு மில்லின் பெயர்ப்பலகை எங்குமே தெரியவில்லை என்று வருத்தம். சண்டை போதாது என்றார்கள் பையன்கள். பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்து இருமிக் காட்டுவதற்கு அவர்களுக்கு அந்தப் படம் மிகவும் உதவியது. பஸ்ஸில் திரும்பும்போது அம்மா கேட்டதற்கு அப்பா, “உலகம் அழிஞ்சா இப்புடித்தேன் இருக்குமாம். நான் நெதமும் அங்குட்டுத்தான வேலைக்குப் போறேன்” என்றார். சில நாட்களில் படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டார்கள். நான் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் அப்பாவும் போய்விட்டார். கல்யாணப் போட்டோ ஒன்று இருக்கிறது. குரல் எதிலும் இல்லை.

இப்போது எனக்குச் சாக்கோட்டை யூனியன் ஆபீஸில் வேலை. சென்ற வருஷம் ஒரு நாள், பக்கத்து மேசைப் பையன் சிரித்துக்கொண்டே தன் செல்போனை நீட்டி, “மேடம், ஞாயித்துக்கிழமையும் ஆபீஸ் உண்டுன்னு சொன்னா நம்ம ரியாக்ஷன்” என்றான். வாட்ஸாப் ஸ்டிக்கர். சத்தமில்லாமல், ஒருவர் டிரம்மைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து இருமிக்கொண்டே இருந்தார். என் அப்பா. நானும் சிரித்துவைத்தேன், அந்தப் பையனுக்கு என்ன தெரியும்?

விசாரித்ததில், யாரோ அந்தப் படத்தை யூடியூபில் ஏற்றியிருப்பதும், சொத்தைப் படம் என்று கேலி செய்வதற்காகவே பார்க்கத் தொடங்கிய ஒரு கூட்டம் மெல்ல மெல்ல அதன் மேல் பைத்தியமாகிவிட்டதும் தெரிந்தது. படத்துக்குக் கீழே பார்த்தவர்கள் எழுதிய கருத்துகளை ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். இந்தப் பட்ஜெட்டில் இவ்வளவு சாம்பலை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று ஒருவர் வியந்திருந்தார். செட் போட்டவருக்கு விருது கொடுக்கவேண்டும் என்றார் இன்னொருவர். ‘உலகம் அழிஞ்சிருச்சுன்னு அந்த அம்மாகிட்ட யாரும் சொல்லல போல’ என்று ஒருவர் எழுதியிருக்க, எந்த அம்மா என்று தேடினால், திரையின் ஓரத்தில், தூரத்தில், வளைந்த முதுகோடு ஒரு பெண் நெல் துழாவிக்கொண்டிருக்கிறாள். அது என் அம்மா. அவளிடம் சொன்னபோது, “அதுக்கு? நெல்லு காய வேணாமா?” என்றாள்.

அப்பாவைப் பற்றித்தான் கருத்துகள் அதிகம். ‘தாத்தா ஓவர் ஆக்டிங்.’ ‘இருமுறதுக்கே தனி சம்பளமா?’ நோயுற்ற பூமியின் குறியீடு அந்த இருமல் என்று நீளமாக விளக்கியிருந்தார் ஒருவர். அப்போது அப்பாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. இன்றைக்கு எனக்கு ஆகியிருப்பதைவிடக் குறைவு. யாரிடம் போய்ச் சொல்வது? கோபப்படக்கூட ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

ஆனாலும் ஒரு லாபம் என்று நினைத்துக்கொண்டேன். கண்புரை எடுத்தும் அம்மாவுக்குப் பார்வை சரியாகத் தெளியவில்லை, காதுதான் எல்லாம். விளக்கு வைத்ததும் படத்தில் அப்பா இருமும் அந்த இடத்தை எடுத்து, சத்தத்தைக் கூட்டி, போனை அவள் கையில் கொடுப்பேன். இன்ஜின் தடதடக்கும். சின்னதாக இரண்டு, பெரியதாக ஒன்று, ஒரு செருமல். அம்மா கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுப்பாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு அவரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்ட நிம்மதி எனக்கு.

அப்படி இருக்கும்போதுதான், படத்தைச் சுத்தம் செய்து புதிதாக வெளியிடப்போகிறோம், எதையெல்லாம் சரிசெய்யலாம் சொல்லுங்கள் என்று அந்த ரசிகர்கள் ஓர் அறிவிப்புப் போட்டார்கள். எல்லோரும் விரும்பிய பதில், ‘அந்த மெஷின் இரைச்சலையும் இருமலையும் எடுங்கப்பா, காது கிழியுது.’ நான் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கருத்து எழுதினேன். ‘அவர் என் அப்பா. அது நடிப்பு இல்லை. அவர் குரலில் மிஞ்சியது அது ஒன்றுதான். தயவுசெய்து விட்டுவையுங்கள்.’ அழுகிற பொம்மைகள் கொஞ்சமும் சிரிக்கிற பொம்மைகள் நிறையவும் வந்தன. ‘அப்போ நான் அந்த டிரம்மோட பையன்’ என்று ஒருவர் எழுதினார். நன்றாக எழுதியிருந்தார், வேறு சமயமாக இருந்தால் எனக்கும் சிரிப்பு வந்திருக்கும்.

போன மாதம் புதுப் படம் வந்தது; பழையதை யூடியூபிலிருந்து எடுத்துவிட்டார்கள். படம் கண்ணாடியாக இருக்கிறது. சாம்பமேட்டின் ஒவ்வொரு மடிப்பும் தெரிகிறது, அந்த மேடுதான் இப்போது இல்லை. சாம்பலை லாரிலாரியாகச் செங்கல் சூளைகளுக்கு அள்ளிக்கொண்டு போனபின் மனை போட்டு விற்றுவிட்டார்கள். அப்பா குவளையை நீட்டுகிறார், அந்தக் கனத்த குரல் பேசுகிறது, அப்புறம் இனிமையாக ஒரு புல்லாங்குழல். அதற்குள் அப்பாவின் தோள்கள் மட்டும் சத்தமில்லாமல் குலுங்குகின்றன.

அந்த ரசிகர்களில் பொறுப்பாக இருந்த பையனுக்கு எழுதிக் கேட்டேன். மரியாதையான பையன். ‘முயற்சி பண்ணினோம் அக்கா. மெஷின் சத்தமும் அப்பா இருமலும் ஒண்ணாவே பதிஞ்சிருக்கு. மெஷினை எடுத்தா இருமலும் போயிடுது. பிரிக்கவே முடியலை’ என்று எழுதியிருந்தான். காரைக்குடி டாக்டர் சொன்னதும் அதுதான். பழைய பிரதி நண்பர் ஒருவரிடம் இருக்கலாம், கேட்டுப்பார்க்கிறேன் என்றும் சொன்னான்.

அம்மாவிடம் சில நாள் நெட் இல்லை என்று சாக்குச் சொன்னேன். எத்தனை நாளைக்குச் சொல்வது? ஒரு சாயங்காலம் புதுப் படத்தையே போட்டு அவள் கையில் கொடுத்தேன். காதோடு ஒட்டி வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“ஏத்தா, அந்தச் சத்தத்த வைக்கலையா?”

“வச்சிருக்கேம்மா. மில்லு சத்தத்த எடுத்துட்டாக. அப்பா இருமலும் அதோட போயிருச்சு.”

போனை மடியில் வைத்துக்கொண்டாள். “டாக்டரு எடுக்க முடியாதத இந்தப் பிள்ளைக எடுத்துட்டாகளே” என்றாள். “யாரு பெத்த பிள்ளைகளோ, நல்லா இருக்கட்டும்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “அப்பா குரலுன்னு ஆசையாக் கேட்டியேம்மா?”

“நீதான் ஆசையாப் போட்டுக் குடுத்த. வேணாம்னா நீ வருத்தப்படுவியேன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். பக்கத்துல படுத்து விடிய விடிய அதக் கேட்டவ நான். எனக்கு எதுக்குத்தா அது?” போனை மறுபடியும் காதில் வைத்துக்கொண்டாள். “இன்னொருக்கப் போடு. மனுசன் இப்பத்தேன் நிம்மதியா நிக்கிறாக.”

போட்டேன். குலுங்கும் தோள்கள் அவள் கண்ணுக்குத் தெரியாது.

அந்தப் பையன் நேற்று எழுதியிருக்கிறான்: ‘பழைய காப்பி கிடைச்சிருச்சு அக்கா, அனுப்பவா?’ அந்தச் சத்தம் வேண்டியிருந்தது எனக்குத்தான் என்று இப்போது தெரிகிறது. வேண்டாம் என்று எழுத மனம் வரவில்லை. அனுப்புங்கள் என்று எழுதக் கை வரவில்லை. அம்மா அங்கிருந்து கூப்பிடுகிறாள், புல்லாங்குழல் முடிந்துவிட்டதாம், இன்னொரு தடவை போட வேண்டுமாம்.