அகங்காரி என்று பேர் வாங்கியவர்

நேற்று எங்கள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் மூன்றாம் மாடிக்காரர் ஒரு தீர்ப்பு எழுதியிருந்தார். "புது செக்யூரிட்டிக்கு வல்லாத்த அகங்காரம், தாங்க முடியல. நம்ம கார் வந்தாலும் சேர்லேந்து எழுந்திருக்க மாட்டேங்கறான்." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். கேட் ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது. எழுந்து அவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அகராதியில் பார்த்தால் அகங்காரம் என்பது மிஞ்சிய கர்வம். கொச்சி மட்டாஞ்சேரியில் நான் கற்ற அர்த்தம் வேறு. அது மேலேயிருந்து கீழே பார்த்து மட்டும் சொல்லப்படுகிற சொல். காசுள்ளவரிடம் இருந்தால் அதன் பேர் கௌரவம். மூட்டை தூக்குகிறவரிடம் இருந்தால்தான் அகங்காரம்.

அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குச் சுக்கு நெடி மூக்கில் ஏறும். அங்கே யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு சுக்கு குடோனில் எடை பார்க்கிற வேலையில் இருந்தேன். பதினோரு மணி வாக்கில் முதலாளி வருவார். உடனே எல்லாரும் மடித்துக் கட்டிய வேட்டியைக் கணுக்கால்வரை இறக்கிவிட வேண்டும். அதுதான் மரியாதையாம். நானெல்லாம் அவர் கார் தெருமுனையில் திரும்பும்போதே இறக்கிவிட்டுப் பல்லைக் காட்டுகிற ரகம்.

முருகேசன் அண்ணன் தேனிப் பக்கத்துக்காரர், சுமை தூக்குகிறவர். அன்று தலையில் மூட்டையோடு வாசல் தாண்டும்போது முதலாளி எதிரே வந்துவிட்டார். மூட்டைக்காரருக்கு அவர் வழியை விட்டால் என்ன? விடவில்லை.

"எடா, ஆளைத் தெரியலயா? முண்டு வேட்டியை எறக்குடா."

"ரெண்டு கையும் மேல இருக்கு மொதலாளி. வேணும்னா நீங்களே அவுத்துவிடுங்க."

சுக்கு பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். நானும் இருமுவதுபோல் சிரித்துவைத்தேன். முதலாளியின் முகம் வற்றல் மிளகாயாகச் சிவந்தது.

"அகங்காரி! நாளைலேந்து இங்க வராதே."

மூட்டையை உள்ளே ஒழுங்காக இறக்கி வைத்துவிட்டுத்தான் அண்ணன் வெளியேறினார். வேலை போனதைவிட அந்தப் பேர்தான் அவரைத் தின்றது. எந்தக் குடோனில் போய்க் கேட்டாலும், "ஓ, அந்த அகங்காரியா?" என்றார்கள். ஊரில் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன. ஒரு மழை நாளில் பையோடு எறணாகுளம் படகில் ஏறினார். அங்கே பிராட்வே கடைத்தெருவில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். நான் பார்க்கவில்லை.

ஒரு வேட்டியின் நீளத்துக்காக ஒருவர் சோற்றில் கைவைத்த முதலாளியை அந்தத் தெருவில் ஒருவரும் அகங்காரி என்றதில்லை. செத்தபோது ஒட்டிய சுவரொட்டியில் 'எளிமையின் உருவம்' என்று போட்டிருந்தார்கள். எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை.

இப்போது அந்தக் குடோன் பழம்பொருள் கடை. முதலாளி உட்கார்ந்த தேக்கு நாற்காலியும் விற்பனைக்கு இருக்கிறது. போன மாதம் அரைக்கால் சட்டையில், முழங்கால் இரண்டும் தெரிய, ஒரு வெள்ளைக்காரர் அதில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் குனிந்து அவருக்குச் சாயா கொடுத்தார்.

சுக்கு நெடி போய்விட்டது. முதலாளி போய்விட்டார். வேட்டி கட்டுகிறவர்களே குறைந்துவிட்டார்கள். இனி யாரும் யாரையும் எதையும் இறக்கச் சொல்ல முடியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்று காலை கீழே போனேன். செக்யூரிட்டி நின்றுகொண்டிருந்தார். நாற்காலியைக் காணோம்.